கால் எரிச்சலைப் பரம்பரை என்று விட்டுவிடாதீர்கள்

தம்பி, அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை, நீங்களும் 6 வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுக்கிறீர்கள், ராத்திரியில் பாதம் எரிகிறது, 'பரம்பரைதானே' என்று எழுதியிருந்தீர்கள். சர்க்கரை நோய் வருவதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. டிசிஎஃப்7எல்2 மரபணுவின் ஒரு வகை இன்சுலின் சுரப்பையே குறைக்கும். ஆனால் இப்படி எரியும்படி பாதத்து நரம்பைக் கெடுப்பதில் பெரும்பங்கு வருடக்கணக்கில் ஏறிக் கிடக்கும் சர்க்கரைக்குத்தான். அப்புறம், மெட்ஃபார்மினை நீண்ட நாள் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் இதே எரிச்சலைத் தரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லுங்கள். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையையும் கேளுங்கள், வலிக்காது. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதிக்க வேண்டியிருப்பதாகச் சொன்னீர்களே, தயவுசெய்து இந்த வருடம் வேண்டாம். நரம்பு கெட்டால் பாதம் மரத்தும் போகலாம்; மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது, வெந்தாலும் தெரியாது.