பேஸ்பாலுக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா?

கேள்வி: குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் எங்கள் ஊர். இங்குள்ள இளைஞர் மன்றத்தில் சிறுவர்களுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுக்கப் போகிறார்களாம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 9. கிரிக்கெட்டும் ஃபுட்பாலும் இருக்க இது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். அனுப்பலாமா? ஊருக்கு இதனால் என்ன பயன்?

பதில்: தாராளமாக அனுப்புங்கள். மகளையும் சேர்த்து அனுப்புங்கள்.

வீட்டில் கேட்பது நியாயமான கேள்விதான். நம்மூர்த் தோப்புகளில் பையன்கள் ஆடும் கிரிக்கெட்டை ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். நன்றாக அடிப்பவன் அவுட் ஆகும்வரை அடித்துக்கொண்டே இருப்பான். சின்னவன் பந்து பொறுக்குவான். இருட்டும்வரை மட்டை அவன் கைக்கு வராது. பேஸ்பாலும் பந்தை மட்டையால் அடித்துவிட்டு, ‘பேஸ்’ என்ற நான்கு இடங்களைச் சுற்றி ஓடும் ஆட்டம்தான். ஆனால் இதில் அணியின் ஒன்பது பேரும் எழுதிவைத்த வரிசைப்படி அடித்தாக வேண்டும். மற்ற எட்டுப் பேர் முடிக்காமல் எந்தக் கெட்டிக்காரனுக்கும் மறுமுறை கிடையாது. பின்தங்கிய பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறு ஆட்டத்தில் நான் பார்த்ததில்லை.

தோல்வி பழகுவது இன்னொன்று. அமெரிக்காவின் புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் 1941-ல் எடுத்த பேட்டிங் சராசரி .406. அதாவது பத்து முறைக்கு நான்கு முறைதான் அவருக்கே சரியாக அடிபட்டது. பத்துக்கு மூன்று வந்தாலே நல்ல ஆட்டக்காரர் என்பார்கள். அடி தவறிய பிள்ளை அழாமல் திரும்பி வந்து அடுத்தவனுக்குக் கைதட்டப் பழகும். மதிப்பெண்ணுக்குப் பயந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இது அவசியம் வேண்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது மகனின் முழங்கையை. வளரும் வயதில் எலும்பு நுனியில் குருத்தெலும்புதான் இருக்கும். ஓய்வில்லாமல் வேகமாக எறிந்தால் முதலில் அடிபடுவது அதுதான். சிறுவர்களுக்கென 1939-ல் அமெரிக்காவில் தொடங்கிய லிட்டில் லீக் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறது: 9, 10 வயதில் ஒரு நாளைக்கு 75 பந்து, 11, 12 வயதில் 85. அதுதான் உச்சவரம்பு. 66 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் பிட்சர் வேலை, அதாவது அடிப்பவருக்குப் பந்து எறியும் வேலை, கிடையாது. புதிதாக ஆடுபவனுக்கு இதில் பாதி போதும் என்பேன். மீசை அரும்பும்வரை, வளைந்து போகும் கர்வ் பந்து வேண்டாம். காலையில் இங்கே பிட்சர், சாயங்காலம் கிரிக்கெட்டில் வேகப்பந்து என்று இரண்டும் ஒரே நாளில் கூடாது. எறியும்போது முழங்கை தோளுக்குக் கீழே இறங்கினால், அல்லது ஒவ்வொரு பந்துக்கும் பின் கையை உதறினால், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். டீமை விட்டு எடுத்துவிடுவார்களோ என்று பிள்ளைகள் வலியை மறைப்பார்கள்.

குமரி மாவட்டத்தில் பரந்த மைதானத்துக்கு எங்கே போவது? பேஸ்பால்-5 என்ற வடிவத்தில் தொடங்கலாம். அணிக்கு ஐந்து பேர், ஆணும் பெண்ணும் கலந்து. மட்டையோ கையுறையோ வேண்டாம். ரப்பர் பந்தைக் கையாலேயே அடிக்க வேண்டும். பேஸ்களுக்கு இடையே 13 மீட்டர்தான், பள்ளி முற்றமே போதும். டக்கார் 2026 இளையோர் ஒலிம்பிக்கில் இதுவும் உண்டு. பேஸுக்கு மணல் மூட்டை வைக்காதீர்கள், கணுக்கால் மடங்கும். பழைய ரப்பர் மேட்டை வெட்டித் தரையோடு தரையாகப் போடுங்கள். நிஜ பேஸ்பால் பந்து கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே எடை குறைவு, ஆனால் அதுவும் கெட்டிதான். அதற்கு மாறும் நாளில் அடிப்பவருக்கும் ஓடுபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் எல்லாரும் கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் மைதானத்தில் கால் வைக்கக்கூடாது.

ஊருக்குப் பயன் தானாக வராது. அணி பிரிக்கும் விதத்தில் இருக்கிறது. சர்ச் பங்கு வாரியாக, கோயில் வாரியாக அணி கட்டினால் பெரியவர்களின் பழைய பகை பிள்ளைகள் தலையில் வந்து விழும். குளச்சல் கடற்கரைப் பிள்ளையும் திருவட்டாறு ரப்பர் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே அணியில் வருமாறு சீட்டுக் குலுக்கிப் பிரிக்கச் சொல்லுங்கள். ஸ்கோர் எழுத, பந்து எண்ண, அம்பயர் நிற்க எப்படியும் பெரியவர்கள் வேண்டும். அம்மாமார் நோட்டும் பேனாவுமாக உட்காரட்டும். பக்கத்து ஊர்க்காரரோடு வாராவாரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர்கள், நாளை ஒரு கஷ்டம் என்றால் போனில் கூப்பிடத் தயங்கமாட்டார்கள்.

பெயர் கொடுக்கும் முன் பயிற்சியாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பந்து எண்ணிக்கையை யார் எழுதுகிறார்? ஆடத் தெரியாத பிள்ளைக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் முறை கிடைக்குமா?