பாதை தெரிந்த பிறகும் ஏன் பார்க்க வேண்டும்?

கேள்வி: 3ஐ/அட்லஸ் வால்மீன் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்த மறுநாளே அறிவித்துவிட்டார்கள். பாதை தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் அதைப் பின்தொடர்ந்தது ஏன்? செவ்வாய்க்கு அருகே எடுத்த படத்தை நாசா ஏழு வாரம் வெளியிடவில்லை. எதையோ மறைத்தார்கள் என்றுதானே பொருள்?

பதில்: வெளியிலிருந்து வந்தது என்று சொல்வது வேறு, நாளை எந்த இடத்தில் இருக்கும் என்று சொல்வது வேறு. இந்த இரண்டையும் நீங்கள் ஒன்றாக்கிவிட்டீர்கள்.

முதலாவது எளிதாகவே முடிந்தது. சிலி நாட்டிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி 2025 ஜூலை 1 அன்று அதைக் கண்டது; பழைய படங்களைத் துழாவியபோது ஜூன் 14-லேயே அது பதிவாகியிருந்தது. அந்த இடங்களை இணைத்துக் கணக்கிட்டால் பாதையின் மையத்தொலைத்தகவு, அதாவது பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நீண்டிருக்கிறது என்று காட்டும் எண், 6-ஐ ஒட்டி வருகிறது. சூரியனைச் சுற்றும் நீள்வட்டத்துக்கு அது 1-க்குள் அடங்கும். நம் வால்மீன்களில் சில 1-ஐ மயிரிழை தாண்டுவதுண்டு. ஆனால் 6 என்ற எண்ணுக்குப் பிறகு ஐயத்துக்கு இடமில்லை. இதற்கு முன் வெளியிலிருந்து வந்த இரண்டில், 2017-இல் வந்த ஓமுவாமுவாவுக்கு 1.2, 2019-இல் வந்த போரிசோவுக்கு 3.4.

இரண்டாவதுதான் கடினம். வால்மீனின் ஓட்டத்தோடு தொலைநோக்கியை நகர்த்திப் படமெடுத்தால் விண்மீன்கள் கோடுகளாக இழுபட, நடுவில் பஞ்சுப் பிசிறு போன்ற ஒரு வெளிச்சத் திட்டு தெரியும். வால்மீனின் திடமான நடுப்பகுதியான உட்கரு அதற்குள் எங்கோ மறைந்திருக்கிறது. திட்டின் ஒளிமையத்தைக் கணினி கண்டுபிடித்துக் கொடுத்தாலும், தூசி ஒரு பக்கம் கூடுதலாகப் பரவியிருந்தால் அந்த மையமும் அப்பக்கமே சாயும். சிறுகோள் என்றால் ஒரு புள்ளி; அளந்துவிடலாம். இங்கோ புள்ளியை எங்கே வைப்பது என்பதே ஒவ்வோர் இரவும் எழும் கேள்வி. போதாததற்கு, உட்கருவிலிருந்து பீறிடும் வளிமங்கள் அதை எதிர்த்திசையில் மெல்லத் தள்ளுகின்றன. ஈர்ப்பு விசையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அதனால் சிறிது பிசகுகிறது.

அந்தத் தள்ளலைக் கவனிக்க ஏற்ற காலம், அது அக்டோபர் 29 அன்று சூரியனை மிக நெருங்கியதை ஒட்டிய வாரங்கள். அப்போது பார்த்து, பூமியிலிருந்து நோக்கினால் வால்மீன் சூரியனுக்கு அப்பால் இருந்தது. ஆகவேதான் செவ்வாயைச் சுற்றும் கலங்கள் அதன் பக்கம் திருப்பப்பட்டன. அக்டோபர் தொடக்கத்தில், சுமார் 3 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஐரோப்பாவின் டிரேஸ் காஸ் ஆர்பிட்டர் எடுத்த அளவீடுகள் பூமியிலிருந்து எடுத்தவற்றோடு சேர்ந்தபோது, வால்மீன் எங்கே இருக்கும் என்ற கணிப்பு பத்து மடங்கு துல்லியமானது. இரண்டு கோணங்களிலிருந்து பார்த்ததன் பயன் அது. பின்தொடராமல் இருந்திருந்தால் இது கைக்கு வந்திருக்காது.

இனி, மறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு. அக்டோபர் 2 அன்று எடுத்த படம் நவம்பர் 19 அன்றுதான் வெளிவந்தது, உண்மை. இடையில் நிதி ஒதுக்கீடு நின்று, அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அமெரிக்க அரசு அலுவலகங்கள் முடங்கியிருந்தன. மக்கள் பணத்தில் எடுத்த படம் தாமதமானதற்கு நீங்கள் கோபப்படலாம். அது நியாயமான கோபம். ஆனால் தம் கலம் எடுத்த படங்களை ஐரோப்பியர்கள் அக்டோபர் 7 அன்றே வெளியிட்டுவிட்டார்களே! நாசாவின் படத்தில் ஒரு படப்புள்ளி சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தைக் காட்டுகிறது. உட்கருவோ, ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கணிப்பின்படி, 5.6 கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஒரு படப்புள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு அகலம்கூட இல்லாத ஒன்று அந்தப் படத்தில் தனியாகத் தெரிய வழியே இல்லை; பிறகு மறைக்க என்ன இருக்கிறது? அதில் தெரிவது தூசித் திரள் மட்டுமே.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். 2019-இல் வந்த வால்மீனைக் கண்டுபிடித்த கென்னாடி போரிசோவ், தாமே செய்த 65 செண்டிமீட்டர் தொலைநோக்கியில் பார்த்த ஓர் ஆர்வலர். அவரைப் போன்றவர்களும் பெரிய ஆய்வகங்களும் அனுப்பும் இட அளவீடுகள், அவற்றைத் திரட்டி வைக்கும் பன்னாட்டு அமைப்பான சிறுகோள் மையத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கின்றன. அவற்றைக் கொண்டு பாதையை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.