பூட்டிக் கிடந்த வீட்டை விற்கும் முன் வாடையை எப்படிப் போக்குவது?

"பூட்டிக் கிடந்த வீட்டை விற்கப் போகிறோம். பார்க்க வருகிறவர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள், எங்களுக்கோ ஒன்றும் தெரியவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் தெரியவில்லை என்று நானும் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

எங்கள் வீடு களியக்காவிளைப் பக்கம். அப்பா இருந்தவரை பின்பக்கச் சாய்ப்பில், அதாவது வீட்டை ஒட்டிய சரிவுக் கூரைக் கொட்டகையில், ரப்பர் ஷீட் அடுக்கிவைப்பார், மூலையில் சாக்கு நிறைய ஒட்டுப்பால், மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிய ரப்பர் பால். அடுக்களை அலமாரியில் அம்மாவின் கருவாட்டு டப்பா. அங்கேயே வளர்ந்தவனுக்கு அதெல்லாம் நாற்றமாகவே படாது. ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடும், எனக்கு முப்பது வருடப் பழக்கம்.

முதல் ஆள் பார்க்க வந்த அன்று, "அண்ணே, சாம்பிராணி போட்டுருங்க, எல்லாம் சரியாயிரும்" என்றார் புரோக்கர். போட்டேன். போதாததற்கு ஊதுபத்தியும் கொளுத்தினேன். மார்த்தாண்டத்திலிருந்து வந்த வயதான அம்மா வாசலிலேயே நின்று, "மக்களே, வீட்டுல துட்டி ஏதும் நடந்துதா?" என்றார். அடுக்களையைக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டார்கள். மூடிக் கிடந்த வீட்டில் ஊதுபத்தி வாசனை சாவு வீட்டைத் தவிர வேறு எதை நினைவுபடுத்தும்! ரூம் ஸ்பிரேயும் இதே கதைதான். எதையோ மறைக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் நாகர்கோவிலிலிருந்து சித்தி மகளை வரவழைத்தேன். அவள் அந்த வீட்டுக்குள் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. காலையில் பூட்டைத் திறந்ததும் அவளை முதலில் உள்ளே போகச் சொல்லி, எங்கே என்ன வாடை என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். நீங்களும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். சாய்ப்பு, கருவாட்டு அலமாரி, பின்பக்க பாத்ரூம், மேற்கு அறைச் சுவர் என்று நாலு இடம் சொன்னாள்.

சாய்ப்புதான் என்னைப் படுத்தியது. ரப்பர் பாலில் ஃபார்மிக் ஆசிட் விட்டு உறையவைத்துத்தான் ஷீட் அடிக்கிறோம். ஆனால் அந்த நாற்றத்துக்குப் பெரிய காரணம் அது இல்லை. பாலில் இருக்கும் புரதத்தையும் சர்க்கரையையும் பாக்டீரியா சிதைக்கும்போது பியூட்ரிக் அமிலம் போன்றவை வெளிவருகின்றன. காறிப்போன வெண்ணெயில் அடிப்பதும் அதே வாடைதான். அமிலம் என்பதால் அதற்கு எதிரான காரம் (ஆல்கலி) போட்டால் அடங்கும். சரக்கை எல்லாம் அப்புறப்படுத்தி, சிமெண்ட் தரையில் வாஷிங் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தேன். மூன்று தடவை. மரத் தட்டுகளை மட்டும் காப்பாற்ற முடியவில்லை, மரம் குடித்த வாடை போகாது. சுவரில் பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டிவிட்டு இரண்டு கோட் சுண்ணாம்பு அடித்தேன். சுண்ணாம்பும் காரம், பூஞ்சணத்துக்கும் ஆகாது. சுரண்டாமல் மேலேயே பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்கு வாடை திரும்பி வரும். ஒரு தடவை அப்படிச் செய்து காசை விட்டேன்.

கருவாட்டுக்கு இதற்கு நேர் எதிர் வைத்தியம். மீன் வாடை தருவது காரப் பொருள், ஆகவே புளிப்பு வேண்டும். வினிகரில் துணி நனைத்து அலமாரியைத் துடைத்து, வெயில் படத் திறந்துவைத்தேன். வினிகரையோ பாத்ரூம் ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடரோடு சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

பாத்ரூம் வேலை ஐந்து நிமிடம். ஆள் இல்லாத வீட்டில் தரையிலிருந்து கழிவுநீர் போகும் குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிவிடும், சாக்கடை வாயு நேராக மேலே ஏறும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் அடைபட்டுவிடும். ஆள் வருவதற்கு முந்தின நாள் வாஷ்பேசினிலும் ஊற்றிவிடுங்கள்.

மேற்கு அறைச் சுவர் வேறு விஷயம். அங்கே ஈரம், அதற்கு மேலே தளத்தில் ஒரு வெடிப்பு. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு, சுவர் காய நேரமே கிடைக்காது. முடிந்தால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வேலையை முடித்து, அந்த மாதங்களிலேயே வீட்டைக் காட்டுங்கள். பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம் என்றார் புரோக்கர். எனக்கு மனம் ஒப்பவில்லை, சட்டமும் ஒப்பாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவின்படி, விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகக் கவனித்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். வெடிப்பைக் காட்டித்தான் பேசினேன், விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார்கள், குறைத்தேன்.

வாங்கியவர் பாறசாலைக்காரர். அவர் வந்த அன்று எதையும் கொளுத்தவில்லை. காலை ஆறு மணிக்கே எல்லா ஜன்னலையும் திறந்துவைத்திருந்தேன், அவ்வளவுதான். சாய்ப்பில் நின்று மூச்சை இழுத்துவிட்டு, "இங்க ஷீட்டு இருந்துதோ?" என்றார். ஆமாம் என்றேன். "எவ்வளவு கொள்ளும்?" என்று கேட்டார்.