வாழ்த்தா, பாராட்டா?

கேள்வி: பக்கத்து வீட்டு மலையாள ஆசிரியை தலைமையாசிரியராகிவிட்டார். அவர் மொழியிலேயே வாழ்த்த என்ன சொல்லலாம்?
– வாசகி, புளியரை

பதில்: ‘அபிநந்தனங்ஙள்’ என்று சொல்லுங்கள், டீச்சர் மகிழ்ந்துபோவார். சாதித்தவருக்கு அது. ஓணம், பிறந்தநாள் என்றால் ‘ஆசம்ஸகள்’. தெலுங்கிலும் இப்படித்தான்: ‘அபிநந்தனலு’, ‘சுபாகாங்க்ஷலு’. நாம்தான் எல்லாவற்றையும் ‘வாழ்த்துகள்’ என்று முடித்துவிடுகிறோம். ‘பாராட்டுகள்’ பாவம், மேடையோடு நின்றுவிட்டது.

1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த செங்கோட்டைதான் என் ஊர். அப்படியும் கேரளத்து ஆரியங்காவில் ஒரு கல்யாணத்தில் மொய் உறைமேல் ‘அபிநந்தனங்ஙள்’ என்று எழுதிக் கொடுத்தேன். மணமகனின் அம்மாவன் (தாய்மாமன்) கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்துவிட்டு, “பையன் பரீட்சை ஒன்றும் எழுதவில்லையே, சாரே!” என்றார். ‘விவாஹ மங்களாசம்ஸகள்’ என்று அவரே திருத்தி எழுதினார். உறையை மட்டும் திருப்பித் தரவில்லை.