வரையாமலே உருவாகும் புதிர்வழி

கேள்வி: குஷன் உறையில் புதிர்வழி போன்ற வடிவத்தைப் பென்சிலால் வரைந்து சங்கிலித் தையலில் போட்டேன். மூலைகள் மழுங்கிவிடுகின்றன, கோடுகளும் பாதியில் நின்றுவிடுகின்றன. இதற்கு எந்தத் தையல் பொருந்தும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சங்கிலித் தையல் வளைவுகளுக்கு அழகு, சட்டென்று திரும்பும் மூலைகளுக்கு ஒத்துவராது. நீங்கள் கேட்பதற்கு, ஜப்பானியரின் சாஷிகோ கைத்தையலில் 'ஹிதோமேஸாஷி' என்ற வகையே மிகப் பொருத்தம் என்பேன். அவுரி நீலத் துணியில் வெள்ளைப் பருத்தி நூலால், துணிக்கு வலுவும் கதகதப்பும் சேர்ப்பதற்காகப் போடப்பட்டுவந்த இதில் இருப்பது வெறும் ஓட்டுத் தையல்தான்.

நீரில் கரையும் பேனாவால் 5 மி.மீ. இடைவெளியில் புள்ளிகள் வையுங்கள். புதிர்வழியை வரையவே வேண்டாம். முதலில் கிடைவரிசைகள் அனைத்தையும், ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி வரை நூல் மேலே, அதற்கடுத்தது வரை கீழே என மாறி மாறித் தைத்து முடித்துவிட்டு, பிறகு அதே புள்ளிகள் வழியாகச் செங்குத்து வரிசைகளைப் போடுங்கள். ஒவ்வொரு வரிசையையும் மேல்தையலில் தொடங்குவதா, கீழ்த்தையலில் தொடங்குவதா என்பது மட்டுமே உங்கள் முடிவு. இரு திசையிலும் எல்லா வரிசைகளையும் ஒரேமாதிரி தொடங்கினால் தனித்தனிச் சிறு சதுரங்கள் வரும். ஒன்றுவிட்டு ஒன்று மாற்றினால் படிக்கட்டுகள் வரும். பூவா தலையா போட்டுத் தொடங்கினால் அசல் புதிர்வழியே வந்துவிடும்.

உட்புறப் புள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு கிடைத்தையலும் ஒரு செங்குத்துத் தையலும் மட்டுமே வந்து முடிவதால், கோடு அங்கே திரும்பியே ஆகவேண்டும். ஆகவே எந்தக் கோடும் நடுவில் அறுந்து நிற்காது, ஒன்று தன்னோடு சேர்ந்து மூடிக்கொள்ளும், அல்லது துணியின் ஓரம் வரை போகும். ஒரே ஒரு வரிசையின் தொடக்கத்தை மாற்றினால்கூட அந்த வரிசை நெடுகிலும் வழிகள் புதிதாகத் திறக்கும், மூடும். எனவே கட்டம் போட்ட தாளில் சில விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டுத் துணிக்கு வாருங்கள். நுழைவாயிலிலிருந்து மையம் வரை உண்மையாகவே வழி வேண்டுமென்றால் ஓரிரு தையல்களை விட வேண்டியிருக்கும். ஆனால் கோட்டின் ஓட்டம் கெடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கர்நாடகத்துக் கசூதியின் கவந்தித் தையல் பழகியவர்கள், திரும்பி வரும்போது இடைவெளிகளை நிரப்பும் வழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். வட்டச் சட்டமும் வேண்டாம். நீண்ட ஊசியில் நாலைந்து தையல்களை ஒன்றாகக் கோத்து இழுத்தால்தான் கோடு நேராக விழும். வரிசையின் முடிவில் திரும்பும்போது பின்புறம் சிறிது நூலைத் தளர்வாக விடுங்கள், துணி சுருங்காது. பேனாக் குறிகள் நீரில் முழுவதும் போன பிறகே இஸ்திரி போடுங்கள். சூடு பட்டால் அவை அழியாமல் தங்கிவிடக்கூடும்.