ஓட்டத்தை விடுங்கள், அந்த ஐந்து மாதத்துக்குப் பதில் சொல்லுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. 1500, 3000 மீற்றர் ஓடுகிறாள், மாகாண மட்டத்தில் பதக்கம் எடுத்தவள். தேசிய மட்டத்துக்குப் பாரம் குறைய வேண்டும் என்று சோற்றை விட்டுவிட்டாள். அவித்த மரக்கறியும் முட்டை வெள்ளைக்கருவும்தான் சாப்பாடு, மஞ்சள்கருவைத் தம்பிக்குக் கொடுத்துவிடுவாள். 8 மாதத்தில் 52 கிலோ 44 ஆகிவிட்டது. ஓடிவிட்டு வந்தால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நோகுது என்கிறாள். தகப்பன் கட்டாரில், அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து மாதமாக அவளுக்கு பேட் வாங்குகிற செலவுகூட இல்லை. இந்த ஓட்டமும் சாப்பாடும் பிற்காலத்தில் உடம்பைப் பாதிக்குமா? - ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, பிற்காலத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள், பாதிப்பு இப்போதே தொடங்கிவிட்டது. அதை நீங்களே எழுதியும் இருக்கிறீர்கள், ஆனால் செலவுக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். பேட் விற்கிற விலைக்கு அது மிச்சம்தான். ஆனால் 17 வயதுப் பிள்ளைக்கு ஐந்து மாதம் மாதவிடாய் வராதபோது தாய்க்குத் தோன்ற வேண்டியது அதுவா? அவள் சாமத்தியப்பட்டபோது நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் கொடுத்து, சொந்தபந்தத்தைக் கூட்டித் தண்ணீர் வார்த்திருப்பீர்கள். அது நின்றுபோனபோது வீட்டில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லையே!

தினமும் ஓடி எரிக்கிற சக்திக்குச் சாப்பாடு ஈடாகவில்லை என்றால், மூளை முதலில் நிறுத்துவது கருப்பைப் பக்கத்து வேலையைத்தான். சூலகத்துக்குப் போகிற சைகை குறைகிறது, ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹோர்மோன் இறங்குகிறது, அது இறங்கினால் எலும்பு பலமாக வளர்வதில்லை. முன்னெலும்பு நோ என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்களே, அது எலும்பில் மயிரிழை வெடிப்பாக இருக்கலாம், எண்ணெய் தேய்த்து மாறுகிற நோ இல்லை. ஒரு பெண்ணின் எலும்புப் பலத்தில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடும், இப்போது சேராததைப் பிறகு முழுமையாக ஈடுகட்ட முடியாமல் போகலாம். படுவான்கரையில் விதைநெல்லை எடுத்துக் குத்திச் சாப்பிடுகிற வீடு உண்டா? உங்கள் மகள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள், நீங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-லேயே இந்தச் சக்திப் பற்றாக்குறையைத் தனிப் பிரச்சினையாக எடுத்து அறிக்கை வெளியிட்டது. ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும், அவர்களிடம் வெளியில் தெரிகிற அடையாளம் குறைவு, அவ்வளவுதான்.

பாரம் குறைந்த புதிதில் நேரம் நன்றாக வந்திருக்கும், அதை நம்பித்தான் பிள்ளை இன்னும் குறைக்கிறாள். அப்புறம் களைப்பு, இரத்தச்சோகை, காயம் என்று ஒவ்வொன்றாக வரும்.

ஓட்டத்தின் மேல் பழி போட வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டு ஓடுகிற பிள்ளைக்கு எலும்பு பலப்படத்தான் செய்யும். பெண்பிள்ளை மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஓடுவதை ஊர் என்ன சொன்னாலும் நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை ஓட வேண்டாம், போட்டி அடுத்த வருடமும் வரும்.

மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலே வைத்தியரிடம் காட்ட வேண்டும், உங்கள் மகளுக்கு ஐந்து மாதம் போய்விட்டது. இந்தக் கிழமையே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். சாப்பாடு, பாரம், கால் நோ எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பப் பரிசோதனையும் எழுதுவார்கள், அது வழமை, பிள்ளை முன்னால் கோபப்படாதீர்கள். கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்து வரவைக்கிற வேலையும் வேண்டாம், இரத்தம் வரும், எலும்பின் பலவீனம் அப்படியே இருக்கும்.

வீட்டில் அவளுக்குத் தனிச் சட்டி வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். எல்லோரும் ஒன்றாக இருந்து சோறு, மீன்குழம்பு, முருங்கையிலை, முள்ளோடு நெத்தலி, எருமைத்தயிர் சாப்பிடுங்கள், முட்டையை அவள் முழுதாகச் சாப்பிடட்டும். சோற்றைக் கண்டு பயந்து அழுதாலோ, சாப்பிட்டதைப் போய் வாந்தி எடுத்தாலோ அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், அது அடம் இல்லை, நோய். பயிற்சி கொடுக்கிற மாஸ்டரிடம் நீங்களே நேரில் போய் மாதவிடாய் நின்றதைச் சொல்லுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

தகப்பனுக்கும் இன்றிரவே சொல்லுங்கள். வெயிலில் நின்று உழைத்து அனுப்புகிற மனிதர், அந்தக் காசில் தன் பிள்ளை சாப்பிடுகிறாளா என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது.