ஆண் மீது குடும்ப வன்முறை: புகார் கொடுக்க முடியுமா?

முடியும். வீட்டுக்குள் ஒருவரை அடித்தோ மிரட்டியோ பணத்தை முடக்கியோ அடக்கி வைப்பதுதான் குடும்ப வன்முறை. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பெண்கள் மட்டுமே புகார் தரலாம். அதிகம் பாதிக்கப்படுபவர்கள் அவர்கள் என்பதே காரணம். ஆனால் மாநகரப் பேருந்தில் மகளிர் இருக்கை இருப்பதால் ஆண்களுக்குப் பேருந்தே இல்லை என்றாகிவிடாது; பொதுவான குற்றவியல் சட்டம் அவர்களுக்கும் உண்டு.

காயம் பட்டால் அன்றே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். யார் அடித்தது என்பதை விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு "வழுக்கி விழுந்தேன்" என்றால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) வாங்குங்கள். பொதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 115 (காயம்), 351 (மிரட்டல்) பிரிவுகள் பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் சிறுமிகளுக்கு மட்டும் என்பது தவறு: 18 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கும் அதே பாதுகாப்பு உண்டு, உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.